புல்தரைப் பள்ளத்தை எதைப் போட்டு மட்டம் செய்வது?

கேள்வி: ஜூன் 9, கோவை வடவள்ளி

அண்ணா, வீட்டு முன்னால் கொரியன் புல் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கேட் பக்கம் பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி அளவில் பள்ளம் விழுந்து தண்ணீர் நிற்கிறது. நடுவில் இரண்டு அங்குல ஆழம் இருக்கும், ஓரத்துக்கு வரவர ஒன்றுமில்லை. மாடி கட்டியதில் மிச்சமான எம்-சாண்ட் அரை யூனிட் கிடக்கிறது. "அதையே தூவி விடுங்க, தண்ணி சர்ருனு இறங்கிடும்" என்கிறார் மேஸ்திரி. நர்சரியில் கேட்டால் செம்மண்ணும் மாட்டெருவும் பாதிப் பாதி என்கிறார்கள். யூடியூபில் வெறும் மணல்தான் போடுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ஜூன் 9, இரவு

எம்-சாண்டைத் தொடாதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளத்தின் நடுவில் புல்லை விலக்கி, நாலு அங்குலத்துக்குக் கீழே இருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து வையுங்கள். மேலே இருக்கும் மண் வேண்டாம்.

ஜூன் 10

பள்ளத்துக்கு அடியில் எந்த மண் இருக்கிறதோ, அதே மண்ணைச் சலித்துப் போடுங்கள். பல வருடமாகப் புல்தரை வேலை செய்பவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான். கூட மணலோ எருவோ சேர்க்கலாம். ஆனால் அடிமண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைத் தனி அடுக்காகக் கொட்டக் கூடாது.

களிமண் தரையில் ஒரு பள்ளம். அதில் இரண்டு அங்குலம் மணல் கொட்டுகிறீர்கள். மழை பெய்தால் மணலில் தண்ணீர் வேகமாக இறங்கும், மேஸ்திரி சொன்னது அதுவரை சரி. இறங்கி எங்கே போகும்? அடியில் பழைய களிமண் பள்ளம் அப்படியே இருக்கிறது. தண்ணீர் அதில்தான் தேங்கும். முன்பு கண்ணுக்குத் தெரிந்து நின்ற தண்ணீர் இப்போது மணலுக்குள் ஒளிந்து நிற்கும், புல்லின் வேர் அதில் ஊறும். வெயில் காலத்தில் இதற்கு நேர் எதிர். சுற்றியுள்ள மண்ணில் ஈரம் இருக்கும், மணல் போட்ட திட்டு மட்டும் காய்ந்து பழுப்பாகத் தெரியும்.

மணலை மேலே போட்டால்தான் இப்படி, அடியில் போட்டால் வடிகால் ஆகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதுவும் நடக்காது. நைசான மண்ணுக்குக் கீழே பருமனான மணலோ ஜல்லியோ இருந்தால், மேல் மண் முழுக்க நனைந்து ததும்பும் வரை தண்ணீர் கீழே இறங்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜை நனைத்துத் தூக்கிப் பிடித்தால், சொட்டு நின்ற பிறகும் அதன் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும் அல்லவா, அதே கணக்கு. அமெரிக்காவில் கோல்ஃப் கிரீன், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, அமைக்கும் முறை இதை வைத்தே உருவானது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட விதிமுறைப்படி ஜல்லியின் மேல் ஓர் அடி உயரத்துக்கு மணல் கலவை. அடுக்கு மாறும் இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்பதால்தான் மணலிலும் புல்லுக்கு ஈரம் கிடைக்கிறது. அங்கே அதைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள், அடியில் குழாயும் போடுகிறார்கள். நம் வீட்டில் யாரும் திட்டமிடாமல் அதே தேக்கம் உண்டாகிவிடுகிறது.

யூடியூபில் வெறும் மணல் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெர்முடா புல்லில், ஏற்கெனவே மணல்பாங்கான தரையில், கால் அங்குல மேடு பள்ளத்தைச் சரிசெய்கிறார்கள். அந்த வேலைக்கு மணல் நல்ல பொருள். உங்கள் வேலை வேறு.

ஜூன் 10, பிற்பகல்

எம்-சாண்ட் ஏன் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்தது, ஒவ்வொரு துகளுக்கும் கூர்முனை. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கான்கிரீட்டுக்கு அந்தக் குணம்தான் தேவை, வேருக்கு அது எதிரி. போதாததற்கு அதில் கல்தூசி இருக்கும். 150 மைக்ரானுக்குக் கீழான தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிர்ணயமே அனுமதிக்கிறது. நனைந்து காய்ந்தால் அந்தத் தூசி இடைவெளிகளை அடைத்து இறுகிவிடும். ஒரு தரையில் யாரோ முன்பு இதைப் போட்டிருந்தார்கள், எடுக்கப் போனபோது மண்வெட்டி இறங்கவில்லை, கடப்பாரையால் அந்த இறுகிய அடுக்கைப் பெயர்க்க வேண்டியிருந்தது. பூச்சு வேலைக்கு வரும் பி-சாண்ட் இன்னும் நைசு. அதுவும் வேண்டாம்.

ஜூன் 11

கைப்பிடி மண் எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டியை உடைத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குப் போடுங்கள். தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை துணி பவுடர் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்குவது மணல். அடுத்த சில மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் கலங்கலாக நின்று மெதுவாகப் படிவது களி. பாட்டிலின் வெளிப்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் போடப்போகும் மண்ணையும் இதே மாதிரி இன்னொரு பாட்டிலில் குலுக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகள் ஏறக்குறைய ஒத்துப்போனால் அந்த மண் சரி. செலவே இல்லாத சோதனை, ஆனால் டிப்பர் வந்து கொட்டிய பிறகுதான் எல்லோருக்கும் மண்ணைப் பார்க்கத் தோன்றுகிறது.

வாங்கும் செம்மண் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். கோவையில் ஒரு மனையில் செம்மண்ணும் நாலு தெரு தள்ளிக் கரிசலும் வரும். லேஅவுட் போடும்போது எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டியதும் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள்.

ஜூன் 13

நேற்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. உங்களுடையது கொரியன் புல். அது வெட்டாமல் விட்டால் திட்டுத் திட்டாக உப்பிக்கொண்டு வரும். இந்த வகைப் புல்லின் இயல்பே அது. அடியில் பழைய தண்டும் காய்ந்த வேரும் மெத்தை மாதிரி சேர்ந்து, சில இடத்தில் இரண்டு அங்குலம்கூட உயர்ந்துவிடும். பார்ப்பதற்குப் பக்கத்து இடம் பள்ளமாகத் தெரியும். மண் எங்கும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும்.

எது உண்மை என்று பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். நீர் பாய்ச்சிய மறுநாள் மேட்டில் ஒரு குத்து, பள்ளத்தில் ஒரு குத்து. முதலில் மெத்தென்று இறங்கி, பிறகு "நறுக்" என்று மண் தட்டுப்படும் இடத்தைக் கவனியுங்கள். மேட்டில் மெத்தை தடிமனாகவும் பள்ளத்தில் மெல்லியதாகவும் இருந்தால், நிரப்ப வேண்டியது ஒன்றுமில்லை. மேட்டைத்தான் குறைக்க வேண்டும். புல்லைத் தாழ வெட்டி, இரும்புப் பல்லு வாரியால் செத்த தண்டை வாரி எடுக்க வேண்டும். இந்த நேரம் அதற்கு ஏற்றது, மெதுவாகத் தழைத்துவிடும்.

உங்கள் இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதால் மண்ணே பள்ளம்தான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் குத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஜூன் 14

இரண்டு இடத்திலும் மெத்தை ஒரே தடிமன் என்கிறீர்கள். சரி, மண்தான் இறங்கியிருக்கிறது.

ஏன் இறங்கியது? இதைக் கேட்காமல் நிரப்பினால் அடுத்த வருடம் திரும்பவும் நிரப்ப வேண்டியதுதான். கேட் பக்கம் என்றவுடன் எனக்கு முதல் சந்தேகம் குழாய் தோண்டிய பள்ளத்தின் மேல். குடிநீர் இணைப்போ, பாதாள சாக்கடை இணைப்போ கொடுக்கும்போது வாய்க்கால் மாதிரி தோண்டி, போட்ட மண்ணை இடிக்காமல் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அது இரண்டு மூன்று மழைக்காலம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். பள்ளம் நீளவாக்கில் நேராக இருந்தால் அதுதான் காரணம்.

வட்டமாக, திடீரென்று விழுந்திருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். வெட்டிய மரத்தின் வேர்க்கட்டை உள்ளே மக்கியிருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். பெருச்சாளி வளை தோண்டியிருக்கலாம். சுவரோரத்தில் ஒரு துளையும் புதிதாகத் தள்ளிய மண்ணும் இருக்கிறதா பாருங்கள். குழாய் கசிந்து மண்ணை அரித்துக்கொண்டு போவதும் உண்டு. மழை இல்லாத நாளில் அந்த இடம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தால் முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

ஜூன் 18

தண்ணீர்க் குழாய் போட்ட இடமேதான் என்று உறுதி செய்துவிட்டீர்கள். கசிவு இல்லை, நல்லது. இறங்கி முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அளவு. 12 அடிக்கு 8 அடி என்றால் 96 சதுர அடி. நடுவில் இரண்டு அங்குலம், ஓரத்தில் சூனியம், சராசரியாக ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 8 கன அடி. உதிரி மண் நனைந்தால் இறங்கும், அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிச் சுமார் 10 கன அடி. காலி சிமெண்ட் சாக்கில் ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி பிடிக்கும். எட்டு சாக்கு மண், அவ்வளவுதான். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. "குறைந்தது ஒரு யூனிட் எடுத்தால்தான் வண்டி வரும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மிச்ச மண் வருடக்கணக்கில் சுவரோரம் கிடக்கும். உங்கள் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணல் தெரிந்தது, மீதி வண்டலும் களியும். கொல்லைப்புறத்தில் வாழை வைத்த இடத்து மண்ணைக் குலுக்கிப் பாருங்கள். ஒத்துவந்தால் விலை கொடுத்து வாங்கவே வேண்டாம்.

கலவை: சலித்த மண் மூன்று பாண்டு (மண் சுமக்கும் இரும்புச் சட்டி), ஆற்று மணல் ஒரு பாண்டு, நன்கு மக்கிய எரு அல்லது மண்புழு உரம் அரைப் பாண்டு. கால் அங்குலக் கண் சல்லடையில் சலிக்க வேண்டும். ஈரமாகச் சலிக்க முடியாது, முந்தின நாளே நிழலில் பரப்பி உலர்த்துங்கள். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர வேண்டும்.

போடுவது: புல்லைத் தாழ வெட்டிவிட்டு, கலவையை நடுவில் கொட்டி, மேஸ்திரி பூச்சுக்கு வைத்திருக்கும் அலுமினியப் பட்டையைப் படுக்கவைத்து ஓரத்தை நோக்கி இழுங்கள். அப்புறம் தென்னந்துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் புல்லுக்கு இடையில் மண் இறங்கும்படி தட்டுங்கள். புல் நுனி மண்ணுக்கு மேலே தெரிந்தே ஆக வேண்டும். ஒரு தடவைக்கு அரை அங்குலம். புல் மேலே வந்து மூடிய பிறகு அடுத்த அரை அங்குலம். கொரியன் புல் மெதுவாக வளர்வது, அவசரப்படாதீர்கள்.

ஜூன் 19

நேற்று எழுதியதை இன்னொரு முறை படித்தேன். அரை அங்குலம், அரை அங்குலமாக நடுவில் இரண்டு அங்குலத்தை நிரப்ப மழைக்காலமே வந்துவிடும். உங்களுக்கு வேறு வழி நல்லது. நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமான பகுதியில் மட்டும் புல்லையே உரித்துத் தூக்கிவிடுங்கள். மண்வெட்டியால் ஆங்கில ஹெச் எழுத்து மாதிரி வெட்டி, அடியில் இரண்டு அங்குல மண்ணோடு தட்டையாக அறுத்து, இரண்டு பக்கமும் பாய் மாதிரி மடித்துப் போடலாம். அடிமண்ணைக் கொத்திவிட்டு, வெறும் சலித்த மண்ணைப் போட்டு, காலால் மிதித்து, நனைத்து, மறுபடி போட்டு, பக்கத்து மட்டத்துக்கு அரைக்கால் அங்குலம் உயரமாகவே விட்டுப் புல்லை மூடுங்கள். அது இறங்கும்.

இந்த இடத்தில் எரு வேண்டாம். நேற்றுச் சொன்ன அரைப் பாண்டு மேல்தூவலுக்கு மட்டும். ஆழத்தில் போடும் எரு மக்கி அளவில் சுருங்கும், சுருங்கிய அளவுக்குத் தரையும் இறங்கும்.

உரித்த புல்லின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்லாபாக, அதாவது மண்ணோடு அறுத்த புல் துண்டுகளாக, வாங்கி ஒட்டியது என்றால் வளர்த்த பண்ணையின் களிமண் ஒரு விரல் தடிமனுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், வேர் அதைத் தாண்டாமல் அதற்குள்ளேயே சுற்றியிருக்கும். அப்படி இருந்தால் அந்தக் களியை முள்கரண்டியால் பிறாண்டி உதிர்த்துவிட்டு வையுங்கள். வேர் கீழே இறங்க அது பெரிய உதவி.

ஜூன் 24

நர்சரி வைத்திருக்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "முப்பது வருசமா பாதிக்குப் பாதி எருதான் போடறோம், புல்லு நல்லாத்தான் வருது." வரும், நான் மறுக்கவில்லை. புதிதாகப் புல் நடும்போது கொத்திக் கலந்த எரு அருமையான பொருள். இங்கே பேச்சு மட்டத்தைப் பற்றியது. பாதி எரு போட்ட தரை முதல் வருடம் பச்சையாக இருக்கும், அடுத்த வருடம் அதே இடத்தில் குழி. பச்சை எரு என்றால் கரையானும் வெள்ளைப்புழுவும் கூடவே வரும். தென்னை நார்க்கழிவும் இப்படித்தான். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், கால் வைத்தால் அமுங்கும். தொட்டிச் செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 2

பல்லடம் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா கேட்கிறார், அவர்கள் வீட்டில் கரிசல். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, போன வருடம் நிரப்பிய பள்ளம் இந்த வருடம் வேறு இடத்தில்.

அம்மா, கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். காய்ந்த நாளில் மட்டம் பார்த்தால் அது மட்டமே இல்லை. நல்ல மழை பெய்து மண் ஊறி உப்பி, கால் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு நூல் கட்டிப் பாருங்கள். அப்போதும் பள்ளமாக இருக்கும் இடம்தான் உண்மையான பள்ளம். அதைச் சலித்த கரிசலாலேயே நிரப்புங்கள். கோடையில் மணல் போட்டால் அவ்வளவும் வெடிப்புக்குள் போய்விடும். அதைவிட முக்கியம், கோடையில் தரை முழுக்க ஒரே சீராக நீர் விடுவது. ஓரிடம் நனைந்து ஓரிடம் காய்ந்தால் மேடு பள்ளம் தானாக வரும்.

ஜூலை 6

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை வீட்டுக்காரருக்கு: உங்கள் தரை முழுக்க மணல். நான் வடவள்ளிக்குச் சொன்ன கலவையை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே செம்மண் வாங்கிப் பள்ளத்தில் மட்டும் போட்டால் மணலுக்கு நடுவில் ஒரு செம்மண் தட்டு உண்டாகும், மழையில் அதன் மேல் மட்டும் தண்ணீர் நிற்கும். உங்கள் தோட்டத்திலேயே வேறு மூலையில் மணலைத் தோண்டி, ஐந்தில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து போடுங்கள். எருவைப் பற்றி முன்பு எச்சரித்தவன் இங்கே கூட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் வெறும் மணலில் ஈரமும் சத்தும் நிற்காது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பு இருக்கும், அள்ளுவதற்குத் தடையும் உண்டு.

ஜூலை 20

கோரை! இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும் என்கிறார் ஒருவர், நியாயம்தான். வெளியில் இருந்து வரும் மண்ணில் கல், ஆணி, கண்ணாடியைவிட நான் பயப்படுவது கோரைக்கிழங்குக்கு. கொட்டைப்பாக்கை விடச் சிறியது, கறுப்பாக, முடி முடியாக இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்லிய வேர்நூலில் சங்கிலி போலக் கோத்திருக்கும். மேலே தெரியும் தழையைப் பிடுங்கினால் நூல் அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கும், அப்புறம் அதிலிருந்து புதுத் தழை. சின்னக் கிழங்குகள் கால் அங்குலச் சல்லடையில் நழுவி இறங்கிவிடும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு பழைய தாம்பாளத்தில் இரண்டு அங்குலத்துக்கு அந்த மண்ணைப் பரப்பி, தினமும் தண்ணீர் தெளித்து, வெயிலில் இரண்டு வாரம் வையுங்கள். முக்கோணத் தண்டோடு பளபளவென்று மெல்லிய இலை கிளம்பினால் அந்த மண் வேண்டாம். வயல் மண்ணிலும் ஏரி வண்டலிலும் இது அதிகம். வண்டலைப் பற்றிக் கேட்ட மதுரை நண்பருக்கும் இதே பதில்தான். கண்மாய் வண்டல் அனுமதி வாங்கி எடுத்து வயலுக்கு அடிக்க வேண்டிய பொருள். புல்தரைக்கு அது நைசு, வெயிலில் ஓடு கட்டும்.

ஆகஸ்ட் 4

"ரோலர் உருட்டினால் பள்ளம் போகாதா? கிரிக்கெட் மைதானத்தில் உருட்டுகிறார்களே?" என்று ஒருவர் கேட்கிறார். கிரிக்கெட்டில் கனமான ரோலர் ஓடுவது 22 கஜப் பிட்ச்சில். அங்கே பந்து எழும்ப மண் இறுக வேண்டும், அதற்காகவே களி அதிகமான மண். வீட்டுத் தரையில் அந்த இறுக்கம் வந்தால் புல் மூச்சுவிடாது. மேலும் ரோலர் மேட்டையும் அமுக்கும், பள்ளத்தையும் அமுக்கும். புதிதாக ஒட்டிய ஸ்லாபை மண்ணோடு சேர்க்க லேசான ரோலர் ஒரு தடவை போதும். ஈரக் களியில் ஒருபோதும் வேண்டாம்.

பழைய மைதானக்காரர்களிடம் நான் கற்றுக்கொண்ட நல்ல வழக்கம் ஒன்று உண்டு. மேல்மண் தூவிய பிறகு ஒரு கயிற்றுப் பாயைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு பேர் மெதுவாக இழுத்துக்கொண்டு போவார்கள். மேட்டில் நிற்கும் மண்ணை அது தானே வழித்துப் பள்ளத்தில் விட்டுவிடும். பெரிய தரைக்குத் துடைப்பத்தைவிட இது நேர்த்தி.

ஆகஸ்ட் 19

வடவள்ளித் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். உரித்து வைத்த இடம் பிடித்துவிட்டது, தூக்கிப் பார்த்தால் வேர் மண்ணை விடாமல் பிடித்திருக்கிறது என்கிறார், அதுதான் வேண்டும். இடைவெளி தெரியும் வெட்டுக்கோட்டில் சலித்த மண்ணைத் திணியுங்கள். ஒரு மூலையில் மஞ்சள் தட்டியிருப்பது, படத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் துகள் தெரிகிறதே, அங்கே பழைய சிமெண்ட் பூச்சு இடிபாடு இருக்கும். அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றும், புல் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் வெளுக்கும். ஒரு சாண் ஆழம் தோண்டிப் பொறுக்கி எடுத்துவிட்டு மண்ணை மாற்றுங்கள். எம்-சாண்டை யாருக்காவது கட்டட வேலைக்குக் கொடுத்துவிடலாம்.

அக்டோபர் 27

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. தம்பி எழுதியிருப்பது: முன்பு அரை நாள் நின்ற தண்ணீர் இப்போது மழை விட்ட சற்று நேரத்தில் போய்விடுகிறது, ஆனால் கேட்டுக்கு அருகில் ஒரு தட்டு அகலத்துக்கு இன்னும் தேங்குகிறது, இப்போதே நிரப்பலாமா?

இப்போது வேண்டாம். பெருமழையில் உதிரி மண் அடித்துக்கொண்டு போகும், ஈரத்தரையில் நடந்தால் இன்னும் அமுங்கும். தண்ணீர் நிற்கும்போதே அதன் விளிம்பில் நாலு குச்சி நட்டு வையுங்கள். காய்ந்த பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. கேட்டுக்குக் கீழே கான்கிரீட் சரிவு உயரமாக இருந்து தண்ணீர் வெளியேற வழி இல்லாமலும் இருக்கலாம், ஒரு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்துப் பாருங்கள். சரிவுதான் காரணம் என்றால் எவ்வளவு மண் போட்டாலும் தண்ணீர் பக்கத்தில் நகர்ந்து நிற்குமே தவிரப் போகாது. மண்தான் காரணம் என்றால் பங்குனி பிறந்து புல் துளிர்க்கத் தொடங்கும்போது அரை அங்குலம் தூவுங்கள். மிச்சமிருக்கும் சலித்த மண்ணை மழை படாமல் சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.